பன்னிரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் நான்கு நிமிடம்

1

இந்தக் கதையைப் பதினாறு வருடங்களாக எழுதாமல் இருக்கிறேன். எழுதாமல் இருப்பதும் ஒரு வேலைதான். தினமும் கொஞ்ச நேரம் அதற்கென்று ஒதுக்க வேண்டியிருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் உயிரோடு இருக்கிறான். பக்கத்து அறையில் மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரு திருகாணியைக் காணோம் என்று தரையைத் தடவிக்கொண்டிருக்கிறான். அன்று அவனோடு இருந்த பத்துப் பேரும் பிழைத்தார்கள். வாசகரை மூச்சுப் பிடிக்க வைத்துக் கடைசிப் பக்கத்தில் விடுவிக்கும் வித்தை எனக்குத் தெரியாது. தவிர, அண்ணியும் சொல்லிவிட்டாள்: "முடிவ முன்னாடியே சொல்லிடு. பாவம், படிக்கிறவங்க உனக்கு என்ன பண்ணினாங்க?"

அப்படியானால் கதையில் என்ன பாக்கி?

நான்கு நிமிடம். ஒரு மாலை ஐந்து நாற்பத்தொன்றிலிருந்து ஐந்து நாற்பத்தைந்து வரை. அந்த நேரத்தில் நான் ஒரு தவறு செய்தேன். சரியாகச் சொன்னால், செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு மட்டுமே தெரியும். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அண்ணி. கையில் பென்சிலோடு படிப்பாள். அவள் எதிரே உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனவே கதை என்று பெயர் வைத்து, ஆறாவது பகுதியில் அதை வைத்து, மற்றப் பக்கங்களோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். இந்தக் கதை பிறந்த காரணம் இவ்வளவுதான்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அவற்றை அடிக்காமல் விடுகிறேன்.

முதலாவது: "ரேடியோ அறையின் ஜன்னலில் வானம் செந்நிறமாகப் பற்றி எரிய —"

[அண்ணியின் பென்சில்: அந்த ஜன்னல் வடக்குப் பக்கம். அதில் தெரிந்தது எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி.]

இரண்டாவது: "பிரபஞ்சத்தின் முடிவற்ற மௌனத்தினூடே ஒரு தனித்த மனிதக் குரல் —"

[பென்சில்: யார் குரல்? உங்க அண்ணனா? அவருக்கு ஜலதோஷம் அன்னைக்கு.]

மூன்றாவது: "மூன்று மணிக்கு நான் அந்த அறைக்குப் போனேன். படிப்பதற்காக."

இதன் அருகில் பென்சில் படவில்லை. ஆகவே இங்கிருந்து போகிறேன்.

அது ஒரு நில அளவை நிறுவனத்தின் ரேடியோ அறை. இரண்டாவது மாடி. கீழே தையல் இயந்திரம் பழுது பார்க்கும் கடை. அறையில் ஒரு மேஜை, அதன்மேல் இரும்புப் பெட்டி போன்ற டிரான்ஸ்மிட்டர், பக்கத்தில் ரிசீவர், ஒரு மைக், சுவரில் வட்டக் கடிகாரம், கடிகாரத்துக்குக் கீழே சூரிய உதயமும் அஸ்தமனமும் அச்சிட்ட நாட்காட்டி. ஜன்னல் சட்டத்தில் துளையிட்டு இரண்டு கறுப்பு வடங்கள் உள்ளே வரும். மொட்டைமாடியில் கட்டியிருந்த இரண்டு ஏரியல்களின் வால்கள் அவை. அலமாரியில் பழைய ரிசீவர் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது.

அண்ணிதான் அங்கே ஆபரேட்டர். அண்ணன் அதே நிறுவனத்தில் அளவைக் குழுவோடு போகிறவன். மாதக்கணக்கில் எங்காவது வெட்டவெளியில் கூடாரம் போட்டிருப்பான். காலை எட்டுக்கும் மாலை நான்குக்கும் அண்ணி அவர்களைக் கூப்பிடுவாள். நடுவில் அந்த அறையில் சத்தமே இருக்காது. நான் பக்கத்துத் தெருவில் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் புத்தகத்தோடு அங்கே போய்விடுவேன். நானும் அண்ணியும் இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்போம். என் வாழ்நாளில் நான் நடத்திய நல்ல உரையாடல்கள் பெரும்பாலும் அவைதான்.

"ஊமைக்கோட்டான் கிளம்பியாச்சா?" என்பாள், நான் எழுந்தால். அதுதான் எனக்கு அவள் வைத்த பெயர்.

3

இங்கே கதையை நிறுத்தி ஒன்றை விளக்க வேண்டும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளியிருப்பவரோடு சிற்றலையில் பேசுவது எப்படி? நேராகப் பேச முடியாது, நடுவில் பூமி வளைந்துகொள்கிறது. ஆகவே குரலை மேலே எறிய வேண்டும். வெகு உயரத்தில், காற்று மிக மெலிந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது. அது குரலைத் தடுத்துக் கீழே தூரத்தில் எங்கோ இறக்கிவிடும். அந்தக் கூரையைத் தினமும் கட்டுவது வெயில். பகலில் கூரை கனமாக இருக்கும்போது உயர்ந்த அலைவரிசையில் எறியலாம். தாழ்ந்ததில் எறிந்தால் கூரையை எட்டும் முன்பே அது உறிஞ்சப்பட்டுவிடும். பொழுது சாய்ந்தால் கூரை மெலியும். அப்போது உயர்ந்த அலைவரிசை அதைப் பொத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும், திரும்பாது. தாழ்ந்ததற்கு இறங்க வேண்டும்.

நிறுவனத்துக்கு மூன்று அலைவரிசைகளுக்கு உரிமம் இருந்தது. எத்தனையோ மெகாஹெர்ட்ஸ், புள்ளி வைத்து இன்னும் சில எண்கள். வீட்டிலும் அறையிலும் எல்லோரும் பன்னிரண்டு, எட்டு, ஐந்து என்றுதான் சொல்வார்கள்.

நிறுவன மேலாளருக்கு இது கடைசி வரை புரியவில்லை. "கேக்கலைன்னா பவரைக் கூட்டும்மா" என்பார்.

"கூரையே இல்லாத எடத்துல பந்தை எவ்வளவு பலமா எறிஞ்சா என்ன சார், திரும்பியா வரும்?"

"அப்ப கொஞ்சம் சத்தமாவாவது பேசு."

ஆகவே இந்தத் தொழிலில் முக்கியம் பலமும் அல்ல, குரலும் அல்ல. எந்த நேரத்தில் எந்த எண்ணில் இருப்பது என்ற தேர்வுதான். அந்தத் தேர்வை அண்ணனும் அண்ணியும் அவன் கிளம்புவதற்கு முன்பு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வழக்கம் போலச் சண்டை போட்டு, ஒரு தாளில் மூன்று வரியாக எழுதினார்கள். ஆளுக்கொரு பிரதி.

பகலில் பன்னிரண்டு.
பொழுது சாய்ந்தால் எட்டு.
இருட்டினால் ஐந்து.

அழகான தாள். பிழை திருத்துகிறவன் என்ற முறையில் நானே அதைப் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. யாருடைய பொழுது என்று எழுதவில்லை என்பதை மூன்று பேருமே கவனிக்கவில்லை.*

* முகாம் எங்களுக்கு நேர் மேற்கே. அங்கே சூரியன் எங்களுக்கு ஐம்பது நிமிடம் பிந்தி மறையும். சரியான விடை, அண்ணி பிற்பாடு சொன்னது: அவள் தலைக்கு மேல் இருக்கும் சூரியனும் அல்ல, அவன் தலைக்கு மேல் இருப்பதும் அல்ல. குரல் கூரையில் படும் இடம் நடுவழியில். அங்கே இருக்கிற சூரியன்தான் கணக்கு. இருவருமே பார்க்காத ஊரின் சூரியன்.

4

அன்று நான்கு மணிக்குப் பன்னிரண்டில் ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல்.

அண்ணி பதறவில்லை. "மேல ஏதோ கலங்கியிருக்கு" என்றாள். சூரியனுக்கு எப்போதாவது வலிப்பு வரும், அன்று கூரைக்கு அடியில் புகை மண்டியது போல் ஆகி எல்லா அலைவரிசையும் சிறிது நேரம் அமுங்கிவிடும், பிறகு தானாகத் தெளியும். அப்படி விட்டுப்போனால் இரு பக்கமும் விடாமல் கூப்பிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. அவள் லாக் புத்தகத்தில் எழுதினாள். நேரம், அலைவரிசை, நடந்தது, காரணம் என்று அதில் நான்கு கட்டங்கள். எதற்கும் காரணம் எழுதாமல் விடமாட்டாள்.

நாலரைக்கு மேலாளர் மாடிப்படி ஏறி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"அணையைத் திறந்துட்டாங்களாம்மா. மேல பேய் மழையாம். இப்பதான் போன் வந்துது."

"எந்த அணை?"

"நம்ம ஆளுங்க கூடாரம் போட்டிருக்கிற ஆத்துக்கு மேல இருக்கிற அணை."

முகாம் ஆற்றுக்குள் இருந்தது. வறண்ட ஆற்றின் நடு மணலில், சமதளமாக இருக்கிறது என்று, போட்டிருந்தார்கள். தண்ணீர் அந்த வளைவுக்கு ஏழரை மணி சுமாருக்கு வரும் என்றார்கள். முகாமுக்குச் சொல்ல இந்த இரும்புப் பெட்டியைத் தவிர வேறு வழி கிடையாது. மிக அருகில் இருந்த ஊரிலிருந்து அங்கே ஜீப்பில் போகவே ஐந்து மணி நேரம்.

"சொல்லிட்டியா? சொல்லிட்டியாம்மா?" என்றார் மேலாளர்.

"கேட்டாத்தானே சார் சொல்ல."

"சத்தமாக் கூப்பிடேன்."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போய் வாசலில் நின்றுகொண்டார்.

அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்றால், அவள் முகம் ஒரு —

[இந்த வாக்கியம் வரவில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பிடரியைத்தான் பார்த்தேன். ஹெட்போன் பட்டைக்குக் கீழே முடி நனைந்திருந்தது.]

5

ஐந்து மணிக்கெல்லாம் கூரை தெளிந்துவிட்டது. பன்னிரண்டில் தூரத்து நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முகாம் மட்டும் வரவில்லை.

ஏன் என்பதை எழுத எனக்கு அண்ணனின் பக்கமும் வேண்டும். கற்பனை செய்யலாம்தான். பக்கத்து அறையில் ஆள் இருக்கும்போது எதற்கு?

"அண்ணா, அன்னைக்கு அஞ்சு மணிக்கு நீ எதுல இருந்த?"

"எட்டுல."

"உனக்குத்தான் வெயில் இருந்துச்சே?"

"எனக்கு இருந்துச்சு. அவளுக்குச் சாய்ஞ்சிட்டிருக்குமே." ஏதோ உருண்டு ஓடும் சத்தம், பிறகு ஒரு வசவு. "அவளுக்காகக் கீழ வந்தேன்."

அதே ஐந்து மணிக்கு, எங்கள் தண்ணீர்த் தொட்டியின்மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருக்க, அண்ணி பன்னிரண்டிலேயே இருந்தாள். அவனுக்கு இன்னும் நல்ல வெயில் அடிக்கும், தாளில் பகல் என்றுதானே படிப்பான் என்று அவள் நினைத்தாள்.

ஐந்தேகாலுக்கு அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை எனக்காக இறங்கியிருப்பாரோ? டிரான்ஸ்மிட்டர் செட்டை அணைத்து, அலைவரிசையைப் பிடித்து நிறுத்தும், பூட்டுப் போல் இருந்த ஒரு சிறு படிகத்தைப் பிடுங்கி வேறொன்றைச் சொருகி, ஜன்னலுக்குப் போய் ஒரு வடத்தைக் கழற்றி மற்றதை மாட்டி, திரும்பி வந்து மூன்று குமிழ்களை முன்னும் பின்னும் திருகி, எட்டுக்கு வந்தாள்.

"அப்புறம் நீ என்ன பண்ணின?"

"அப்புறம் என்ன? உங்க அண்ணி பிடிவாதக்காரி, எனக்காகப் பன்னெண்டுலயே நிப்பான்னு மேல போனேன்."

"அவங்க அப்ப எட்டுக்கு வந்துட்டாங்க."

"அதைத்தான் சொல்றேன். பிடிவாதம் பிடிக்க வேண்டிய அன்னைக்குப் பிடிக்கல."

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "நீங்க மட்டும் ஒரு நாளாவது வெச்ச எடத்துல இருந்திருக்கீங்களா? திருகாணி மாதிரி."

இப்படி இரண்டு முறை ஆளுக்கு ஆள் கடந்து போயிருக்கிறார்கள். குறுகிய நடையில் எதிரே வருபவருக்கு வழிவிட இருவரும் ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அதைப் போல, ஆனால் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் நீள நடையில். பிள்ளைப் பெயரிலிருந்து சுவர் வண்ணம் வரை ஒன்றிலும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத தம்பதி. விட்டுக்கொடுக்கவே கூடாத ஒரு மணி நேரத்தில் மாறி மாறி விட்டுக்கொடுத்தார்கள். வெறும் பிடிவாதமாக இருவரும் ஒரே இடத்தில் நின்றிருந்தால்கூட, சீக்கிரமோ பிந்தியோ —

[விட்டுவிடுகிறேன். பாத்திரங்களுக்கு அறிவுரை சொல்வது இன்றைய விஷயமல்ல.]

6

இதுதான் ஆறாவது பகுதி.

ஐந்தரைக்கு அண்ணி மறுபடி பன்னிரண்டில் இருந்தாள். சட்டென்று ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி என்னைப் பார்த்தாள். அதுவரை நான் அந்த அறையில் ஒரு நாற்காலி மாதிரி இருந்தேன்.

"தம்பி, அந்தப் பழைய ரிசீவரை எடு. நான் மேல இருக்கேன். நீ எட்டுல உக்காரு. கேக்க மட்டும்தான் அதுல முடியும். அதுபோதும்."

துணியை உதறினேன். அவள் சொன்னபடி ஒரு கம்பித் துண்டை ஜன்னல் வழியே துணிக்கொடியில் கட்டினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் இரைச்சல் தலைக்குள் கொட்டியது.

இரண்டு நிமிடத்தில் கத்தினேன்: "அண்ணி, கேக்குது!"

அவள் எழுந்து வந்து ஒரு காதில் வைத்துப் பார்த்தாள். எந்த நாட்டிலோ ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கத்தினேன். இம்முறை கீழ்க் கடையில் ஓட்டிப் பார்த்த தையல் மோட்டார்.

"நல்லாத் தெரிஞ்சா மட்டும் வாயைத் திற" என்றாள். கோபமாக இல்லை. நேரமில்லாதவள் சொல்வது போல.

பிறகு, கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதால் நேரம் நிச்சயம், ஐந்து நாற்பத்தொன்றுக்கு ஒரு செருமல் கேட்டது. அண்ணன் பேசுவதற்கு முன்பு எப்போதும் செருமுவான். வீட்டில் தொலைபேசியை எடுத்தாலும் முதலில் அதுதான் போகும். அதன்பின் இரைச்சலுக்கு அடியில், ஆழத்தில், ஜலதோஷம் பிடித்த ஒரு குரல்: "...நிலையம்... நிலையம்... இது முகாம்..." மங்கியது. வந்தது. மங்கியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

முதல் நிமிடத்துக்கு என்னிடம் காரணம் இருக்கிறது: நல்லாத் தெரிஞ்சா மட்டும். இரண்டாவதற்கும் அதையே சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவதும் நான்காவதும் வேறு. அது அண்ணன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அந்த இரைச்சல், அதற்குள் அவன் குரல் வந்து வந்து போவது, நடுவில் விழுந்த இடைவெளிகள் எல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. பிடித்திருந்தன என்று எழுதப் பதினாறு வருடம் ஆகியிருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவன் என்னிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் முடியாது. பேசினால் அது உடைந்துவிடும் என்று —

இல்லை, முடித்துவிடுகிறேன். பேசினால் அது உடைந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். ஆற்றுக்குள் பதினொரு பேர் இருந்தார்கள், அது எனக்குத் தெரியும்.

திடீரென்று ஒரு நீண்ட விசில் காதைக் கிழித்துக்கொண்டு வந்து அவன் குரலை விழுங்கியது. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தேன். கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தைந்து.

"அண்ணி! எட்டு! எட்டுல இருக்கான்!"

7

நான் சொன்ன அந்த நொடியே அண்ணி எட்டில் அவனைக் கூப்பிட்டாள்.

"முகாம், முகாம், இது நிலையம். கேக்குதா? ஓவர்."

"எங்க போய்த் தொலைஞ்ச நீ? ஒரு மணி நேரமா மேலயும் கீழயும் —"

"சண்டை அப்புறம். தண்ணி வருது. அணை திறந்தாச்சு. எல்லாத்தையும் போட்டுட்டு மேட்டுக்கு ஏறுங்க. ஓவர்."

இரைச்சல். நான் அமைதியை விரும்புகிறவன். அந்த ஒன்றை மட்டும் விரும்பவில்லை.

"எவ்வளவு நேரம் இருக்கு? ஓவர்."

"ஏழரைன்னு சொல்றாங்க. நம்பாதீங்க. இப்பவே ஏறுங்க. இருட்டினதும் அஞ்சுல கூப்பிடுறேன். நான் அஞ்சுலயே இருப்பேன், எங்கயும் போகமாட்டேன். நீங்க வாங்க. ஓவர்."

"சரி." ஒரு செருமல். "சாப்பிட்டியா?"

அண்ணி மைக்கை மேஜைமேல் வைத்தாள். வாசலில் மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

தண்ணீர் ஏழரைக்கு வரவில்லை. ஏழு பத்துக்கே வந்தது. எட்டு மணிக்கு ஐந்தில் அண்ணனின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போலத் தெளிவாக வந்தது. பதினொரு பேரும் மேட்டில். கூடாரங்கள் எல்லாம் போயின. பேட்டரியையும் செட்டையும் அவன் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தான், செருப்பை விட்டுவிட்டு. தலைமை சர்வேயர் மட்டும் வரைபடச் சுருளுக்காகத் திரும்ப இறங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது தண்ணீர் அவருக்கு முழங்கால். அடுத்த அடியில் இடுப்பு. இருவர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

நான்கு நிமிடம் முன்னால் சொல்லியிருந்தால் அவர் நனைந்தே இருக்கமாட்டார். நான்கு நிமிடம் பின்னால் என்றால் — இன்றும் அவரைத் தெருவில் பார்த்தால் நான் முதலில் பார்ப்பது அவருடைய முழங்காலை. நன்றாகத்தான் நடக்கிறார். என்னைப் பார்த்தால் கை காட்டுவார்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளில் நான்காவது வரி ஒன்று சேர்ந்தது. அண்ணியின் கையெழுத்து: ஒருத்தர் நிக்கணும், ஒருத்தர் தேடணும். முகாம் நிற்கும், நிலையம் தேடும். அதன் கீழே அண்ணனின் கையெழுத்து: சரி.

8

இதுவரை எழுதியதை நேற்று அண்ணியிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்பு ஆறாவது பகுதியை மூன்று தடவை உருவி எடுத்தேன், மூன்று தடவை திரும்ப வைத்தேன். நான்காவது தடவை அவளே வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். பக்கம் திருப்பும் சத்தம் மட்டும். ஒரு கட்டத்தில் பென்சிலை எடுத்தாள். எழுதினாள். இன்னும் ஒரு இடத்தில் எழுதினாள். முடித்துத் தாள்களைத் தட்டி அடுக்கி என் பக்கம் தள்ளினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"டீ போடவா?" என்றாள்.

"ம்."

எழுந்து போனாள். நான் ஆறாவது பகுதியைப் புரட்டினேன். என் வாக்குமூலத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. விசில் வந்த வரிக்கு எதிரே மட்டும், சின்ன எழுத்தில்:

[அந்த விசில் நான்தான். செட்டை எட்டுக்குச் சரிபண்ணும்போது அப்படித்தான் கத்தும்.]

ஏழாவது பகுதியின் முதல் வாக்கியத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டு:

[அந்த நொடியே எப்படி? பன்னெண்டுலேருந்து எட்டுக்கு மாத்த நாலு நிமிஷம் ஆகும். திருத்து.]

நான் பிழை திருத்துகிறவன். ஒரு பிழையைத் திரும்பத் திரும்பப் படிப்பது எனக்குப் பழக்கம். இருந்தும் இதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. படிகம் மாற்ற வேண்டும். ஜன்னலுக்குப் போய் வடம் மாற்ற வேண்டும். மூன்று குமிழ். நாற்பத்தைந்துக்கு நான் கண்ணைத் திறந்தபோது அவள் கையில் மைக் எட்டில் தயாராக இருந்தது என்றால், அவள் கிளம்பியது நாற்பத்தொன்றுக்கு. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. நான் பேசாமல் இருந்த நான்கு நிமிடமும் அவள் எனக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். செருமல் கேட்டதுமே நான் கத்தியிருந்தாலும், அண்ணனுக்குப் பதில் போயிருக்கக்கூடியது ஐந்து நாற்பத்தைந்துக்குத்தான்.

சர்வேயரின் முழங்கால் நனைந்ததற்குக் காரணம் நான் அல்ல. வரைபடச் சுருள்தான்.

அது உடனே புரிந்துவிடவில்லை. முதலில் கை லேசாயிற்று. பிறகு தோள். டீத் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது, பக்கத்து அறையில் விசிறியின் இறக்கை ஒன்று ணங்கென்று விழும் சத்தம் கேட்டது. எல்லாம் ஹெட்போனைக் கழற்றியது போல் கேட்டன. செய்தது செய்ததுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அது யாரையும் தொடாமல் கடந்து போயிருக்கிறது. பதினாறு வருடமாகத் தூக்கிக்கொண்டு நடந்த பெட்டியில் ஒன்றுமே இல்லை என்று அண்ணி ஒரு தொழில்நுட்பப் பிழையைத் திருத்துவது போல் சொல்லிவிட்டாள்.

"அண்ணி."

"ம்?"

"நாப்பத்தொண்ணுக்கே எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

இரண்டு டம்ளர்களோடு வந்து உட்கார்ந்தாள். ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். வெகு நேரம் ஊதினாள்.

"கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தே" என்றாள். "ஊமைக்கோட்டான் சிரிச்சா தெரியாதா?"

9

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்துகிறாள். ஒன்றில் நான் சர்வேயரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன். மூன்றாவதில் இந்தத் தாள்களை எரித்துவிடுகிறேன். மூன்றும் இனி உதவாது.

ஒரே ஒரு சந்தேகம். பிழை திருத்துகிறவனுக்குச் சந்தேகம் போகாது.

அன்று எங்கள் ஊரில் அஸ்தமனம் ஐந்து நாற்பது. நாட்காட்டியில் அச்சிட்டிருந்தது. தாளில் என்ன எழுதியிருந்தது? பொழுது சாய்ந்தால் எட்டு. ஆகவே ஐந்து நாற்பத்தொன்றுக்கு அண்ணி எட்டுக்குக் கிளம்ப என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கடிகாரத்தைப் பார்த்திருந்தாலே போதும். பதினாறு வருடம் கழித்து ஒரு மாலை, எதிரே உட்கார்ந்திருப்பவன் எந்த எண்ணில் இருக்கிறான் என்று பார்த்து, அவனுக்காக அங்கே இறங்கி வந்து அந்தச் சிரிப்பைச் சொல்லியிருக்கலாம். அதுவும் அவள் செய்யக்கூடியதுதான். அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகமில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

எது உண்மை என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ரேடியோ அறையைக் காலி செய்தபோது அண்ணி லாக் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வந்தாள். அண்ணனின் அறையில், கருவிப் பெட்டிக்கு மேல்தட்டில், நீல அட்டை போட்டு ஆண்டு வாரியாக இருக்கின்றன. எதற்கும் காரணம் எழுதாமல் விடமாட்டாள் என்று சொன்னேன் அல்லவா? அந்த மாலையின் பக்கத்தில் நான்காவது கட்டத்தில் "பொழுது சாய்ந்தது" என்று இருக்கும். அல்லது "தம்பி முகம்" என்று இருக்கும்.

சற்று முன்பு அந்த அறைக்குப் போனேன். அண்ணன் விசிறியை மாட்டி முடித்திருந்தான். ஓடிக்கொண்டிருந்தது.

"திருகாணி கிடைச்சுதா?"

"இல்ல. அது இல்லாமலே நிக்குது" என்றான். செருமினான். "என்ன வேணும்?"

மேல்தட்டைப் பார்த்தேன். விசிறிக் காற்றில் நீல அட்டைகளின் ஓரம் லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தது.

"ஒண்ணும் வேண்டாம்" என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் அதைத் திறக்கப் போவதில்லை. ஒருத்தர் நிற்க வேண்டும், நான் நிற்கிறேன். உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கட்டங்களைப் போட்டுத் தருகிறேன். மூன்றை நிரப்பியும் தருகிறேன்.

நேரம்: மாலை 5.41
அலைவரிசை: 12-லிருந்து 8-க்கு
நடந்தது: செட்டை மாற்றத் தொடங்கினேன்
காரணம்: